அப்பாவின் மறதி, அத்தையின் கண்

அப்பா ஒரே காட்டில் இரண்டு முறை விதைத்த வருடம்தான் எங்களுக்கு அந்த நோயின் பெயர் தெரிந்தது.

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழையை நம்பிய கரிசல் நிலம், காடு என்றுதான் சொல்வோம். அந்தப் புரட்டாசியில் அப்பா குதிரைவாலி விதைத்து முடித்திருந்தார். சில நாள் கழித்து டிராக்டர்காரரை மறுபடியும் கூப்பிட்டு அதே காட்டை உழச் சொல்லியிருக்கிறார். “மாமா, இது விதைச்ச காடுல்ல?” என்று டிராக்டர்காரர் கேட்க, “எங்காட்டுல விதைச்சது எனக்குத் தெரியாதா?” என்று சத்தம் போட்டு உழவைத்துவிட்டார். முளை விட்டுக்கொண்டிருந்த பயிரெல்லாம் மண்ணுக்குள் போயிற்று. டிராக்டர்காரர்தான் எனக்குப் போன் செய்தார். கோபமாக அல்ல, பயந்துபோய்ப் பேசினார்.

நான் பாளையம்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருத்துவர்கள் எழுதும் சீட்டைத் தினமும் வாசிக்கிறவள். மறதிக்கான மாத்திரைகளை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் யார் யாரையோ கேட்டு அலையாமல் நேரே மதுரைக்குப் போய் ஒரு நரம்பு மருத்துவரிடம் அப்பாவைக் காட்டினேன். அல்சைமர் என்றார். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரில் அவரைத் தனியே விட முடியாது என்று என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். என் கணவர் நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர். “மாமா நம்ம கூட இருக்கட்டும்” என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

அப்பாவின் நோய் எல்லோரும் கேள்விப்பட்ட மாதிரியே இருந்தது. காலையில் இட்லி சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இருக்காது. கேட்டதையே கேட்பார். ஆனால் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ரோட்டில் தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையை வாசிப்பார். தெருவில் எந்தச் சந்தில் விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுவார். காய்கறி நறுக்கச் சொன்னால் வெண்டைக்காயை ஒரே அளவாக நறுக்கித் தருவார். நறுக்கி முடித்ததும், “இதை யாரு நறுக்குனது? நல்லா நறுக்கியிருக்காகளே!” என்பார். நாங்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நோயை வீட்டுக்குள் வைத்துப் பார்த்துவிட்டால் அதைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு வந்துவிடுகிறது. அல்சைமர் என்றால் மறதி. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், அத்தைக்கு வரும்வரை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்பா அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவர் என்று சொல்லும் அளவுக்கு இருவருக்கும் வயது வித்தியாசம். திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அருப்புக்கோட்டை டவுனில் மகன் வீட்டில் இருந்தார். கணவர் இல்லை. சாப்பிட வந்த பிள்ளைகளில் யாருக்கு முட்டை பிடிக்காது, யார் தம்பிக்கும் சேர்த்து வாங்கிப் போவார்கள் என்பது வரைக்கும் சொல்லுவார். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது பிள்ளை பெற்றவர்கள்.

ஒரு பொங்கலன்று என் வீட்டில் பந்தி. அத்தைதான் பரிமாறினார். அப்பாவின் இலைக்கு ரசம் ஊற்றுகிறேன் என்று இலைக்குப் பக்கத்தில், தரையில் ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். ஆனால் இரண்டாவது கரண்டியும் தரையில்தான் விழுந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பேப்பர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். “எழுத்து நிக்க மாட்டேங்குது, ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு ஓடிருது” என்றார். பஸ் படியில் கால் வைக்கத் திணறினார். கண்புரை என்று மகன் மதுரையில் ஆபரேஷன் செய்து வைத்தான். கட்டுப் பிரித்ததும் கண் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டிக் கேட்டபோது, ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டச் சுட்ட, சின்ன எழுத்துவரை சொல்லிவிட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அத்தை அடுப்படி வாசலில் போட்டிருந்த கறுப்பு மிதியடிக்கு முன்னால் நின்றுகொண்டு, “இங்க யாரு பள்ளம் தோண்டுனது?” என்று கேட்டிருக்கிறார்.

அத்தையின் மருமகள் எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, சொன்னாத் தப்பா நெனைக்காதீக. எங்க அத்த நடிக்கிறாக. ஊசி கெடந்தாக் கண்ணுக்குத் தெரியுது, முன்னாடி வச்ச சோத்துத் தட்டு தெரியலங்குறாக. ஆபரேசனும் பண்ணியாச்சு, இன்னும் என்னதான் செய்ய?”

அவள் கெட்டவள் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, சமைத்து, துவைத்து, எல்லாவற்றுக்கும் நடுவில் மாமியாரின் சேலையையும் கட்டிவிட வேண்டியிருந்தது. களைத்துப்போயிருந்தாள்.

அன்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு டவுனுக்குப் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரல் கேட்டதும், “வா மருமகளே, அண்ணன் சாப்பிட்டாகளா?” என்றார். அப்பாவுக்கு என்னென்ன மாத்திரை, எப்போது கொடுப்பது என்று ஒன்று விடாமல் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே தரையைக் காட்டி, “அந்தா ஊக்கு கெடக்கு பாரு, எடு. பிள்ள கால்ல குத்திரும்” என்றார். அறையின் மறுகோடியில் நிஜமாகவே ஒரு ஊக்கு கிடந்தது. மருமகள் என்னைப் பார்த்த பார்வையில், “சொன்னேன்ல?” என்று இருந்தது. நான் தண்ணீர்ச் செம்பை அத்தைக்கு நேர் எதிரே வைத்து, “அத்தை, செம்ப எடுங்க” என்றேன். அவர் கை செம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்த் தடவிவிட்டுத் திரும்பி மடிக்கே வந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே ஒன்று உறுதியாகிவிட்டது. கண் தெரியாத மாதிரி நடிக்கிறவர் ஊக்கைப் பார்த்ததாகச் சொல்லமாட்டார். நடிப்பாக இருந்தால் ஒழுங்காக நடித்திருப்பார்.

மருமகள் காபி போட உள்ளே போனதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் கண்ணு தெரியுதுத்தா. ஆனா பாக்குறது ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. உன் மொகத்துல மூக்குத்தி தெரியுது. மூக்குத்தியப் பாத்தா மொகத்தக் காணோம். இதப் போயி யாருகிட்ட எப்படிச் சொல்ல? பைத்தியம்னு சொல்லிருவாகல்ல.”

“யாரும் சொல்லமாட்டாக. நாளைக்கு மதுரைக்குப் போறோம்” என்றேன்.

அப்பாவைப் பார்த்த அதே மருத்துவரிடம்தான் போனோம். நிதானமான பெண்மணி. அத்தையிடம் தேதி, கிழமை, முந்தின நாள் சமையல் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தை எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அத்தை ஒரு வட்டம் போட்டு, எண்களை எல்லாம் வட்டத்துக்கு வெளியே ஒரு மூலையில் குவித்து எழுதினார். ஒரு படத்தைக் காட்டினார். கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் இறைக்கிற படம். அத்தை அதை உற்றுப் பார்த்துவிட்டு, “கயிறு இருக்கு. ஒரு வளையல் இருக்கு” என்றார். கிணறு அவருக்குத் தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு மருத்துவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் அப்பாவின் பழைய ஸ்கேன் படத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்.

“இது உங்க அப்பா. காதுக்கு உள்பக்கமா, இந்த இடம் சுருங்கியிருக்கு பாருங்க. புதுசா நடக்கிறதைப் பதிஞ்சு வைக்கிற இடம் இது. இப்ப உங்க அத்தையைப் பாருங்க. அந்த இடம் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்மண்டைப் பக்கம் சுருங்கியிருக்கு. கண்ணு அனுப்புறதை வாங்கி, இது தட்டு, இது படின்னு சேர்த்துச் சொல்ற இடம். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தான்.”

“அதெப்படிம்மா? ஒரே நோய்னா ஒரே மாதிரிதான வரணும்? ஒரே தாய் வயித்துல பொறந்தவுக வேற.”

அவர் அவசரப்படாமல் சொன்னார். கெட்டுப்போன இரண்டு புரதங்கள் மூளையில் சேர்கின்றன. ஒன்று பரவலாகப் படிகிறது. இன்னொன்று ஓரிடத்தில் தொடங்கி, அங்கிருந்து பக்கத்துக்குப் பக்கம் போகிறது. அது எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒருவர் முதலில் எதை இழக்கிறார் என்பது இருக்கிறது. பலருக்கு நினைவில் தொடங்கும். சிலருக்குப் பார்வையில், சிலருக்குப் பேச்சில், இன்னும் சிலருக்குக் குணத்திலேயே தொடங்கும்.

“சரி, அத்தைக்கு ஏன் அங்க ஆரம்பிச்சுது?”

“அது முழுசாத் தெரியாதும்மா. தெரிஞ்சதைச் சொல்றேன். வயசு குறைவா இருக்கும்போதே வந்தா, இப்படி வழக்கத்துக்கு மாறான இடத்துல ஆரம்பிக்கிறது கூடுதல். உங்க அப்பாவுக்கு எழுபதைத் தாண்டி வந்தது, இவங்களுக்கு அறுபதை ஒட்டி வந்திருக்கு. அப்புறம் பரம்பரை, சுகர், பிரஷர், ரத்தக்குழாய் எப்படி இருக்கு, கூட வேற கோளாறு ஏதாவது சேர்ந்திருக்கா, எல்லாம் இருக்கு. கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் ரெண்டு மூளை ஒண்ணாகாது. வாழ்ந்த வாழ்க்கையும் வேற வேற.”

தெரியாது என்று ஒரு மருத்துவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் தெரிந்ததாகச் சொல்வதை நம்பலாம்.

வெளியே வந்து அத்தையிடம் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப நான் நடிக்கலைன்னு என் மருமககிட்டச் சொல்லிரு” என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

மருமகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் வேண்டும் என்று சொல்லி அத்தையை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீட்டில் சில மாற்றங்கள் செய்தேன். கறுப்பு மிதியடியை எல்லாம் எடுத்தேன். வாசற்படியின் விளிம்பில் மஞ்சள் நிற டேப் ஒட்டினேன். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அத்தைக்குத் தெரியவில்லை. நீலத் தட்டு வாங்கினேன், தெரிந்தது. கடையில் மருந்துகளை இடம் மாற்றாமல் அடுக்குகிற பழக்கம் எனக்கு உண்டு. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். செம்பு எப்போதும் வலது கைப் பக்கம், சீப்பு எப்போதும் கட்டில் தலைமாட்டில்.

நான் திட்டமிடாதது ஒன்று தானாக நடந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அப்பா மாத்திரை போட்டாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் அத்தையைக் கேட்டால் போதும். “காலையில ரெண்டும் போட்டாக, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்பார். அத்தை எதையாவது தடவித் தேடினால் அப்பா அதை எடுத்து அவர் கையில் வைப்பார். தங்கைக்குக் கண்ணில் கோளாறு என்பது அப்பாவுக்கு நினைவில் நிற்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தார். “கண்ணு முன்னாடிதான தாயி இருக்கு” என்பார். அலுப்பு வருவதற்கு அவருக்கு வழியில்லை. அத்தைக்கும் அண்ணனிடம் கேட்பதில் கூச்சம் இல்லை. எங்களிடம் கேட்கத்தான் கூச்சப்படுவார்.

ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில்.

“ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புப் பக்கம் போனாகக்கா. உங்ககிட்டச் சொல்லிட்டோம்னாக” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. கணவருக்குப் போன் போட்டேன். அவர் மில்லிலிருந்து பைக்கில் கிளம்பினார். நான் பஸ் ஸ்டாப்பில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“மருமகளே, நாங்க ஊருக்கு வந்து சேந்துட்டோம். நீ தேடாத. காதுகுத்துக்குத்தான் வந்தோம்.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஊரில் எங்கள் பங்காளி வீட்டில் காதுகுத்து. கடையை விட்டு வரமுடியாது என்று நான்தான் முந்தின வாரம் வீட்டில் சொல்லியிருந்தேன். நான் மறந்துவிட்டேன். அத்தை மறக்கவில்லை. என் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்லி யாரோ ஒருவரின் போனில் பேசியிருக்கிறார்.

நானும் கணவரும் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்பா அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து அத்தையின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தை சாப்பிட்டுக்கொண்டே அவருக்கு வந்தவர்களை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார், குரலை வைத்தே. “அண்ணே, இவுக நம்ம சித்தப்பா மகன். போன வருசம் வீடு கட்டுனாகல்ல, அவுக.”

“எப்படி வந்தீக?” என்று கேட்டேன். என் குரலில் கோபமும் இருந்திருக்கும்.

அத்தை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

“அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல எறங்குனோம். எந்த எடத்துல நிக்கணும்னு எனக்குத் தெரியும். வார பஸ்ஸு ஒவ்வொண்ணையும் அண்ணன் வாசிச்சாக. நம்ம பஸ்ஸு வந்ததும், ‘ஏறுங்க’ன்னேன். ‘படி இருக்கு, கால தூக்கு’ன்னு அவுக சொன்னாக. ஏறிட்டோம்.”

“அப்பா எங்க போறோம்னு கேக்கலையா?”

“கேக்காம? வழி பூராக் கேட்டாக. நானும் வழி பூராச் சொல்லிக்கிட்டே வந்தேன்.”

“ஏன் அத்தை, ஏதாவது ஆகியிருந்தா?”

“தனியா வந்தாத்தான தப்பு?”

என் கணவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு நானும். அப்பாவுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை. “பாயசம் வாங்கிச் சாப்பிடு தாயி, நல்லா இருக்கு” என்றார் என்னிடம். நானும் பந்தியில் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு பயணம் மறுபடி நடக்கவில்லை. நடக்க விடவில்லை என்பதைவிட, நோய் விடவில்லை என்பதுதான் சரி. கடைசியில் இரண்டு பேர் வழியும் ஒன்றில் போய்ச் சேரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்பாவுக்கு எதை வாசித்தாலும் அர்த்தம் பிடிபடாமல் போயிற்று. பிறகு தங்கையை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். அத்தை ஒருமுறைகூட அதைத் திருத்தவில்லை. “என்னய்யா?” என்று கேட்டுக்கொண்டு அந்தக் குரல் வந்த திசைக்குக் கையை நீட்டுவார்.

போன தை மாதம் அப்பா இறந்தார். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு மீளவில்லை. ஊரில்தான் கிடத்தியிருந்தோம். அத்தையைக் கூட்டிவந்தபோது அவர் நடு வீட்டில் அப்பாவைத் தாண்டி நேரே சுவரைப் பார்த்துப் போனார். கூட்டத்தில் ஒரு பெண், “கூடப் பொறந்த பொறப்பத் திரும்பிப் பாக்காமப் போறாகளே!” என்று முணுமுணுத்தாள். அத்தையின் மருமகள் சட்டென்று திரும்பினாள்.

“அவுகளுக்குக் கண்ணு நல்லாருக்கு. மூளையில பின்பக்கம்தான் பழுது. தெரியாமப் பேசாதீக” என்றாள். பிறகு மாமியாரின் தோளைப் பிடித்துத் திருப்பி, உட்காரவைத்து, அவர் கையை எடுத்து அப்பாவின் நெற்றியில் வைத்தாள். அத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் தடவிப் பார்த்தார். “சவரம் பண்ணி விட்டிருக்கீகளா? நல்லது” என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

காரியம் முடிந்ததும் மருமகள் தானாகவே அத்தையை டவுனுக்கு அழைத்துப் போய்விட்டாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவளே யோசித்து அத்தைக்கு, பட்டனுக்குப் பதிலாக முன்பக்கம் ஒட்டிக்கொள்கிற பட்டி வைத்து நைட்டி தைத்து வைத்திருக்கிறாள், எது முன், எது பின் என்று குழம்பாமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். நிலக்கடலையை முறத்தில் கொட்டி அத்தையின் மடியில் வைத்தால் போதும். தடவித் தடவி உடைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்வார். சமீபகாலமாகச் சில கதைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று அவரே என்னைக் கேட்கிறார். எல்லாம் நான் பலமுறை கேட்ட கதைகள்தான். விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். “ஆமா, ஆமா, அதேதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கடலையை எடுக்கிறார்.